நடுவில் வைத்த தட்டு

இன்று காலை குற்றாலத்து விடுதி ஒன்றில் எண்ணெய் டின்களை இறக்கிவிட்டுத் தென்காசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். புதுக் குடியிருப்புத் திருப்பத்தில் அந்த வாசனை வந்தது. பூண்டையும் இஞ்சியையும் புகைகிற எண்ணெயில் போட்டு, அதன் தலையில் புளித்த காடியை ஊற்றினால் வருமே, அது. சாரல் விழுந்துகொண்டிருந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆனால் இறங்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, நிறுத்தச் சொல்லிட்டு இறங்காம இருக்கீக?" என்றார் வண்டிக்காரர்.

"போ" என்றேன். அவர் செய்த தப்பு ஒன்றுமில்லை, ஆனாலும் கடுப்பாகத்தான் சொன்னேன். அந்த வாசனைக்கு மற்றவர்களுக்கு நாக்கு ஊறும். எனக்குக் கோபம் ஊறுகிறது.

கடைக்கு வந்து உட்கார்ந்தும் அது அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் கடிதம் எழுதிப் பழகியவன் அல்ல. சரக்கு வந்து சேர்ந்தது, சரக்கு அனுப்பியிருக்கிறேன், இதற்கு மேல் நான் யாருக்கும் எழுதியதில்லை. கட்டிய மனைவி, உனக்குக்கூட, நீ இருந்தபோது ஒரு வரி எழுதியதில்லை. எழுதியிருந்தால் எழுத்துக்கூட்டியாவது படித்திருப்பாய். இப்போது எழுதி என்ன பயன் என்று நீ கேட்பாய். பயன் இல்லைதான். பயனில்லாத காரியம் என்று நான் என் வாழ்நாளில் செய்கிற ஒன்று இதுவாக இருந்துவிட்டுப் போகட்டும்.

ராயகிரியிலிருந்து நாம் வந்தபோது என்னிடம் இருந்தது ஒரு எண்ணெய் டின். அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களுக்கு அளந்து அளந்து விற்றேன். நீ வீட்டில் சீயக்காய் இடித்துப் பொட்டலம் கட்டினாய். எண்ணெய் தேய்த்தவனுக்குச் சீயக்காய் வேண்டும், குளித்தவனுக்குத் துண்டு வேண்டும். இப்படித்தான் ஒன்றிலிருந்து ஒன்றாகக் கடை வளர்ந்தது. தன் கையால் முன்னுக்கு வந்தவன் என்று என்னை ஊரில் சொல்கிறார்கள். உன் கையைப் பற்றி எவனும் சொல்வதில்லை. சீயக்காய்த் தூளில் இருமி இருமி உன் தொண்டை போனது எனக்குத் தெரியும்.

ஆனால் சாப்பாடு என்று வந்தால் உனக்குக் கடைசி இடம். முதலில் நான், பிறகு நம் மகன், பிறகு கடையாட்கள். வெளியூர்க்காரர் யாராவது வந்தால் அவர்களும் உனக்கு முன்னால். எல்லாரும் கை கழுவிய பிறகு மூன்று மணிக்கு நீ சட்டியைச் சாய்த்துப் பார்ப்பாய். இதை நான் கொடுமை என்று நினைத்ததில்லை. எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று இருந்தேன்.

வயிற்றுவலி வந்து டாக்டரிடம் போனோம். "குடல்ல புண்ணு இருக்கு. நேரத்துக்குச் சாப்பிடணும், சூடாச் சாப்பிடணும்" என்றார். வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "டாக்டர் நல்லாத்தான் சொல்லுதாரு. அவரு வீட்டுல யாரு முதல்ல சாப்பிடுதான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

நான் சிரித்தேன். அதோடு விட்டுவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் ரங்கூன்காரர் கடை வந்தது. அவர் கடையத்துப் பக்கத்து ஆள். சின்ன வயதில் ரங்கூனுக்குப் போய், பர்மாவிலிருந்து எல்லாரும் கிளம்பி வந்தபோது கட்டிய துணியோடு கப்பல் ஏறியவர். மனைவி அந்த ஊர்க்காரி. அவளுடைய அப்பா சீனர். புதுக் குடியிருப்பில் ஒரு வீட்டின் முன்கட்டை வாடகைக்குப் பிடித்து, 'சீன உணவு விடுதி' என்று போர்டு மாட்டினார்கள். சீனாக்காரனோடு சண்டை நடந்து இரண்டு மூன்று வருடம்தான் ஆகியிருந்தது. நாலு பேர் வந்து சத்தம் போட, மறுநாளே 'ரங்கூன் உணவு விடுதி' என்று மாற்றி எழுதிவிட்டார். அந்தப் பெண் பிறந்ததிலிருந்து சீனாவைக் கண்ணால் பார்த்ததில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

என்னிடம்தான் எண்ணெய் வாங்கினார். "அண்ணாச்சி, ஒரு நாள் ஆச்சியையும் கூட்டிக்கிட்டு வாங்க. என் வீட்டுக்காரிக்கு இங்கன பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்ல" என்றார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உனக்கு நல்லது செய்ய வேண்டும் என்று நான் கூட்டிப் போகவில்லை. நல்ல வாடிக்கை, முகம் கோணக் கூடாது என்றுதான் கூட்டிப் போனேன்.

நீ அதுவரை ஓட்டலில் சாப்பிட்டதே இரண்டு முறைதான், அதுவும் திரைச்சீலை போட்ட குடும்ப அறையில். இங்கே திரை இல்லை. நாலு வட்ட மேஜை, பளிச்சென்று விளக்கு. அருவியில் குளித்துவிட்டு வந்த வெளியூர்க் கூட்டம் இரண்டு மேஜையில் இருந்தது. சாப்பிடுகிற குச்சிகளைக் காட்டினால் சிரிப்பார்கள் என்று ரங்கூன்காரர் அவற்றை எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். எல்லாருக்கும் கரண்டிதான்.

முதலில் ஒரு சூப்பு வந்தது. எனக்கு மட்டும் போதும் என்று நான் சொல்லி நானே குடித்தேன். நீ எட்டிப் பார்த்து, "ரசத்துக்குப் புளி போட மறந்துட்டா போலிருக்கு" என்று முணுமுணுத்தாய். பிறகு பெரிய பீங்கான் தட்டு ஒன்று. இடியாப்பத்தை முட்டையோடும் கோழியோடும் புரட்டியெடுத்த மாதிரி, ஆவி பறக்க. அதை மேஜைக்கு நடுவில் வைத்து, நம் இருவர் முன்னாலும் சின்னக் கிண்ணம் ஒவ்வொன்று வைத்தார்கள். ஆள் தெரியாமல் நடுவில் வைத்துவிட்டான் என்று நினைத்து, தட்டை என் பக்கம் இழுத்துக் கையை விட்டு அள்ள ஆரம்பித்தேன். நீ எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் போய்த் தண்ணீர்ச் செம்போடு நின்றாய், வீட்டில் நிற்பது போலவே. வெளியூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தப் பெண் அடுக்களைத் தட்டி வழியாகப் பார்த்திருக்க வேண்டும். கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"ஆச்சி ஏன் நிக்குது? நாற்காலி ஆடுதா?"

"இல்லம்மா. அவுக சாப்பிடட்டும். நான் பொறவு சாப்பிடுதேன்" என்றாய்.

"பொறவுன்னா?"

"அவுக சாப்பிட்டு முடிச்ச பொறவு" என்றார் ரங்கூன்காரர், கல்லாவிலிருந்து எழுந்து வந்து. "இங்கன அதான் வழக்கம்."

"பொறவு ஆறிப்போகுமே."

அவர் அவர்கள் பாஷையில் ஏதோ சமாதானம் சொன்னார். அவள் கேட்கவில்லை. கரண்டியை மேஜையில் ஓங்கி வைத்தாள். "நான் ரெண்டு ஆளுக்குச் சமைச்சேன். ஒரு ஆளுக்குச் சூடு, ஒரு ஆளுக்கு மிச்சமா? ஆறின சோறு திங்க என் அடுப்பு எதுக்கு? வீட்டுல இருக்கலாமே."

சொல்லிவிட்டு என் கைக்குக் கீழே இருந்த தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கையில் அள்ளிய ஒரு வாயோடு நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்ததைப் பறிக்க அதுவரை எந்தப் போட்டிக்காரனாலும் முடிந்ததில்லை.

புதிதாக ஒரு தட்டு செய்து கொண்டுவந்தாள். நடுவில் வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"உக்காரு" என்றேன் உன்னிடம்.

நீ வாசலைப் பார்த்தாய். "யாராவது பாத்தா?"

"பாத்தா பாக்கட்டும்."

இதைச் சொன்னவன் நான்தான். நன்றாக நினைவிருக்கிறது.

உட்கார்ந்தாய். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாய். உடனே வாயைப் பொத்திக்கொண்டாய். நாக்கு சுட்டுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, ஆனாலும் சிரித்தாய்.

"ஏங்க, ஆவி வருது."

"சாப்பாடுன்னா ஆவி வரத்தான செய்யும்."

"எனக்கு வந்ததில்லையே" என்றாய்.

அந்தப் பெண் அதைக் கேட்டுவிட்டு உள்ளே போனாள். இன்னொரு தட்டு வந்தது, நாம் கேட்காமலே, இஞ்சி போட்ட மீன். அன்று நீ என்னைவிட அதிகம் சாப்பிட்டாய். கடைசி மீன் துண்டை நான் எடுக்கப் போகும்போது நீ முந்திக்கொண்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் அப்போது சொல்லவில்லை.

அந்தச் சீசன் முழுக்க புதன்கிழமைதோறும் போனோம். அந்த மாதங்களில் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. அவளுக்கு நீ மிளகாய் வற்றலை எந்தப் பதத்தில் வறுப்பது என்று காட்டிக்கொடுத்தாய். அவள் உன் தலையைப் பார்த்து, "ஆச்சி முடி எப்படிக் கறுப்பா இருக்கு?" என்று கேட்க, நீ நம் கடைச் சீயக்காயை விற்றுவிட்டு வந்தாய். வியாபாரத்தில் நீ எனக்கு இளைத்தவள் அல்ல.

விஷயம் என் அண்ணாச்சி காதுக்குப் போயிற்று. எனக்கு ஒரே ஒரு அண்ணன், கடையத்தில் வயலும் வீடுமாக இருப்பவர். அவர் என்னைத் திட்டினார் என்றா நினைக்கிறாய்? தோளில் தட்டி, "ஏலே, சீனாக்காரி கடையில புழு மாதிரி நீளமா என்னமோ தாராளாமே, நல்லாருக்கா? எனக்கும் ஒரு நாள் வாங்கிக் கொடு" என்றார். ஆண்பிள்ளை தின்றால் அது வேடிக்கைக் கதை.

அந்த ஆவணியில் அவர் மகள் கல்யாணம். குற்றாலத்தில் இரண்டு விடுதி வைத்திருப்பவர் சம்பந்தி. நீ வழக்கம் போல விடிவதற்குள்ளேயே போய்ச் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு அடுக்களைக்குள் நுழையப் போனாய். நான் அப்பளம் பொரிக்க எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தேன். அண்ணாச்சி சம்சாரம் மதினியின் குரல் கேட்டு நின்றேன்.

"ஏட்டி, நீ உள்ள வராத. பன்னியும் பாம்பும் அறுக்கவ கையால தின்னுட்டு வந்து இங்கன பாத்திரத்தைத் தொடாத. சம்பந்தக்காரங்க காதுல விழுந்தா எம் பிள்ள பாடு என்னாகும்?"

அந்தக் கடையில் பன்றியும் இல்லை, பாம்பும் இல்லை. கோழி, மீன், முட்டை. மதினி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எது வேகிறதோ அதுதான். சந்தையில் ரங்கூன்காரர் என்ன வாங்கினார் என்று எனக்குத் தெரியாதா?

நீ மெதுவாகத்தான் கேட்டாய்: "மதினி, ஒங்க கொழுந்தனாரும்தான தின்னாக?"

"ஆம்பள நாலு எடத்துல தின்பான். கையைக் கழுவிட்டு வந்துருவான். நீ ஆம்பளையா?"

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அப்போதுதான் நீ என்னைப் பார்த்தாய். பின்வாசலில், கையில் டின்னோடு, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். என் வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாய்.

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நானும் அவளும் ஒரே தட்டில் தின்றோம் மதினி, அவளுக்கு இடமில்லை என்றால் எனக்கும் இல்லை. இவ்வளவுதான். ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். அதற்குள் அண்ணாச்சி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "ஏலே, இங்கன என்ன செய்யுதெ? சம்பந்தி ஒன்னயத்தான் தேடுதாரு. முதல் பந்தியில அவரு பக்கத்துல ஒனக்குத்தான் இடம்."

இரண்டு விடுதி. வருடம் முழுக்க எண்ணெய், சோப்பு, துண்டு. என் புத்தி அந்தக் கணத்திலும் வேலை செய்தது. டின்னை அங்கேயே இறக்கிவைத்துவிட்டு அவர் பின்னால் போனேன். சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்தேன். பாயசம் இரண்டு தரம் வாங்கினேன்.

நீ அன்றைக்குக் கிணற்றடியிலேயே நின்றாய் என்று பிற்பாடு மகன் சொன்னான். யாரோ வந்து கூப்பிட்டதற்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டாயாம்.

தென்காசிக்குத் திரும்புகிற பஸ்ஸில் பாதி வழி வந்திருப்போம். நீ வெளியே பார்த்துக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் கேட்டாய்: "ஒரே தட்டுலதான ரெண்டு பேரும் தின்னோம். ஒங்க வாய் மட்டும் எப்படிங்க சுத்தமாச்சு?"

நான் வெயில் அதிகமாக இருக்கிறது என்றேன். எண்ணெய் வியாபாரிக்கு அவ்வளவுதான் வாய்.

அடுத்த புதன்கிழமை கிளம்பச் சொன்னேன். "நீங்க போயிட்டு வாங்க. ஆம்பள நாலு எடத்துல தின்பீக" என்று சொல்லிவிட்டுச் சீயக்காய் புடைக்கப் போய்விட்டாய். வீட்டிலாவது என்னோடு உட்கார் என்று கேட்டேன். ஒரு முறை அல்ல, பல முறை. "வழக்கத்த மாத்தாண்டாம்" என்றாய். என்னை நீ அடித்திருக்கலாம். அதற்குப் பதிலாகத் தினமும் எனக்கு முதலில் சோறு போட்டாய். அதுவும் சுடச்சுட.

ரங்கூன்காரர் கடைக்கு நான் தனியாக இரண்டு முறை போனேன். "ஆச்சி எங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள். உடம்பு சரியில்லை என்றேன். அப்போது அது பொய். இரண்டு வருடம் முடிவதற்குள் உண்மையாகிவிட்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது புண் முற்றி உடைந்திருந்தது.

உன் தலைமாட்டில் உட்கார்ந்து மதினி அழுத அழுகையை நீ கேட்டிருக்க வேண்டும். "ஒரு வாய்ச் சோறு சூடாத் திங்காமப் போயிட்டியே, என் தங்கமே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். பொய். நீ தின்றாய், புதன்கிழமைதோறும் தின்றாய், அதை நிறுத்தியது யார் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என் பெயரையும் சேர்த்துத்தான் கத்த வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

நீ போய் ஒரு வருடம், முந்தாநாள் நம் வீட்டில் உனக்குத் தலைத்திதி. உனக்கு முதல் இலை போட்டார்கள். எல்லாமே சூடாக. காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு எல்லாரும் முற்றத்தில் நின்றார்கள். சாரல். ஒரு காகத்தையும் காணோம். அண்ணாச்சி வானத்தைப் பார்த்துக்கொண்டு உருக்கமாகச் சொல்லுகிறார்: "அவ சாப்பிடாம நாம எப்படிக் கையை நனைக்க முடியும்?" எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. நீ உயிரோடு அடுக்களையில் நின்ற இருபத்தாறு வருடத்தில் இந்தக் கூட்டத்தில் ஒருவன் உனக்காக ஒரு நிமிடம் காத்திருந்தானா? நான் காத்திருந்தேனா? இப்போது மழையில் நனைந்துகொண்டு காகத்தைக் கெஞ்சுகிறார்கள்.

ஒருவழியாக ஒன்று வந்து கொத்திவிட்டுப் போனது. அண்ணாச்சி பழையபடி என் மணிக்கட்டைப் பிடித்தார். "வாலே, முதல் பந்தி."

கையை உருவிக்கொண்டேன். "நான் வரல அண்ணாச்சி. அவ தின்ன தட்டுலதான் நானும் தின்னேன். ஒங்க வீட்டுக் கல்யாணத்துல அவளை அடுக்களைக்குள்ள விடல. என்னயும் பந்தியில சேக்காதீக."

மதினி தூணைப் பார்த்தாள்.

"ஏலே, அது எப்பம் நடந்தது? இன்னைக்கு எதுக்கு அதைக் கிளறுதெ?" என்றார் அண்ணாச்சி.

"அன்னைக்குச் சொல்லியிருக்கணும். அன்னைக்குப் பாயசம் குடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றேன்.

அவர்கள் சாப்பிட்டார்கள், என்னைப் பார்க்காமல். நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். பெண்களோடு கடைசியில் சாப்பிடுவது என்று முடிவு. பெரிய நியாயம் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு நிமிர்வு கூட. மணி மூன்றாயிற்று. ஒருத்தியும் உட்காரவில்லை. என்ன என்று பார்த்தால், நம் மருமகள் வந்து நின்றாள். நீ பார்த்துக் கொண்டுவந்த பெண்தான். அவளிடம் சுற்றிவளைத்துப் பேச்சே கிடையாது.

"மாமா, நீங்க சாப்பிட்டாத்தான நாங்க உக்கார முடியும்? எல்லாருக்கும் பசிக்குது."

இது எனக்குத் தோன்றவே இல்லை. நான் கடைசி என்றால் அவர்கள் அதற்கும் பின்னால். என் கோபத்துக்காக ஐந்து பெண்களை இன்னும் ஒரு மணி நேரம் பட்டினி போட்டிருக்கிறேன்.

எழுந்து சோற்றுக் கரண்டியை எடுத்தேன். "உக்காருங்க. நான் பரிமாறுதேன்." மதினி முந்தானையை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டாள். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மருமகள்தான் முதலில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

எவ்வளவு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எண்ணெய் டின்னை ஒரு கையால் தூக்கிப் பார்த்தே எவ்வளவு குறைகிறது என்று சொல்கிறவன் நான். அள்ளி அள்ளி வைத்தேன். "மாமா, போதும், போதும்" என்று மருமகள் இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள். கரண்டியோடு நின்றவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ரங்கூன்காரர் கடையில் நீ எவ்வளவு சாப்பிடுவாய் என்று தெரியும். நம் வீட்டில் நீ எவ்வளவு சாப்பிடுவாய் என்று தெரியாது. வீட்டில் நீ உட்கார்ந்து சாப்பிட்டதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

மருமகளிடம் கேட்டேன். "ஒங்க அத்தை எத்தனை கரண்டி சாப்பிடுவா?"

அவள் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னாள்: "ரெண்டு மாமா. மிச்சம் இருந்தா மூணு."